பாயில் உட்கார்ந்து ஆடும் கதை: குழந்தைகளுக்கான கதாபாத்திர விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு விளையாட்டு நடத்தி வருகிறேன். பாயை விரித்து, பகடையும் பென்சிலும் வைத்துக்கொண்டு, வாயாலேயே ஒரு கதையை ஆடும் விளையாட்டு. டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம் என்பார்கள், சுருக்கமாக ஆர்பிஜி. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்றபடி கேட்டதும், ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்கள் போனில் கேட்டதும் சேர்ந்து நிறையக் கேள்விகள் ஆகிவிட்டன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

போர்டு இல்லை, கார்டு இல்லை. அப்படி என்னதான் விளையாடுகிறார்கள்?

ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதை நடத்துபவர் இடத்தையும் நிலைமையையும் சொல்வார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகமாக இருக்கும் இடத்தில் மட்டும் பகடை. போன மாதம் எங்கள் பாயில் நடந்தது இது:

"ஏரிக்கரைக்கு வந்துவிட்டீர்கள். மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் கல் யாளி கண்ணைத் திறந்து பார்க்கிறது. நீ என்ன செய்கிறாய்?"

"வணக்கம் சொல்றேன்."

"அது உறுமுகிறது. நீ?"

"அது அவளையே பார்த்துக்கிட்டிருக்கும்போது நான் பின்னால சுத்திப் போய் மதகைத் தூக்கப் பார்க்கிறேன்."

"சத்தம் போடாமல் போக முடிகிறதா பார்ப்போம். பகடையை உருட்டு."

இவ்வளவுதான் விளையாட்டு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒரு கேள்வி: "நீ என்ன செய்கிறாய்?" ஒரு குழந்தையின் நாளை எடுத்துப் பாருங்கள். எழுந்திரு, குளி, சாப்பிடு, ஹோம்வொர்க் முடி, டியூஷனுக்குக் கிளம்பு. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் காத்திருக்கும் பெரியவர் எத்தனை பேர்? இந்த விளையாட்டில் அந்தக் கேள்வி ஒரு மணி நேரத்துக்குள் பத்து இருபது முறை ஒவ்வொரு குழந்தையையும் தேடி வருகிறது. கீழே கல்வி, பயன் என்று நான் சொல்வதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவைதான்.

இது எங்கிருந்து வந்தது?

வேடிக்கை என்னவென்றால் இதன் மூதாதையே ஒரு பாடக்கருவி. 1824இல் ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, படை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டை உருவாக்கிக் கொடுத்தார். வரைபடம், கட்டைகள், பகடை. நடுவில் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். அந்த நடுவர்தான் இன்றைக்குக் கதை நடத்துபவராக மாறியிருக்கிறார். அந்த மரபில் வந்த போர் விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருந்த இரண்டு அமெரிக்கர்கள், டேவ் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும், படையை நகர்த்துவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு வீரனாக ஆடினால் என்ன என்ற எண்ணத்தை வளர்த்து, 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் அச்சு 1000 பிரதிதான். இன்று அந்தப் பெயர் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து உருவான விளையாட்டுகளில் சின்னக் குழந்தைகளுக்கென்றே செய்தவையும் பல உண்டு.

நாங்களும் சொப்பு வைத்து, டீச்சர் ஸ்டூடண்ட் என்று விளையாடியவர்கள்தான். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வேர் ஒன்றுதான். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையொன்றில், பாவனை விளையாட்டின்போது குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று சொன்னார். சொப்பில் சோறு பொங்கும் மூன்று வயதுப் பிள்ளை அம்மாவின் பொறுமையையும் அதட்டலையும் எடுத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வித்தியாசம் பகடையில் இருக்கிறது. "டுமீல், நீ செத்துட்ட!" "இல்ல, நான் சாகல!" என்று நம் விளையாட்டுகள் எத்தனை சண்டையில் முடிந்தன! இங்கே அதைப் பகடை தீர்த்து வைக்கிறது. குழந்தைக்குப் பிடிக்காத முடிவையும் அதுதான் கொண்டு வருகிறது. பிடிக்காத முடிவு வந்த பிறகு கதையை எங்கே கொண்டுபோவது என்று யோசிக்கும்போது பாவனை விளையாட்டு இன்னொரு படி ஏறுகிறது. இன்னொன்று, சொப்பு விளையாட்டைப் பிள்ளைகள் ஏழெட்டு வயதில் விட்டுவிடுகிறார்கள். யாராவது பார்த்தால் வெட்கம். பகடையும் விதியும் இருப்பதால் பதினான்கு வயதுப் பையனும் இதை வெட்கப்படாமல் ஆடுகிறான்.

என் பிள்ளை இதில் என்ன கற்றுக்கொள்வாள்?

முதலில் கேட்கக் கற்றுக்கொள்வாள். கதை காதில் மட்டும்தான் வருகிறது, ரீவைண்ட் கிடையாது. அடுத்தவள் சொன்னதைக் கவனிக்காவிட்டால், அவள் ஏற்கெனவே திறந்துவிட்ட கதவை இவள் உடைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு மூன்று வாரத்தில் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் குறிப்பெடுக்க ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒரு பெண் பள்ளி நோட்டில் நான்கு வரிக்கு மேல் எழுத மாட்டாள். "போன வாரம் அந்தப் படகுக்காரர் நம்மிடம் என்ன கேட்டார்?" என்று ஒருநாள் யாருக்கும் நினைவில்லாமல் போய், கதையில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள்தான் குழுவின் கணக்குப்பிள்ளை. யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், எந்தப் பையில் எவ்வளவு கயிறு என்று இதுவரை இரண்டு நோட்டு நிரப்பிவிட்டாள்.

அடுத்தது, ஒன்றாகச் சேர்ந்து முடிவெடுப்பது. இதில் ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பதில்லை. எல்லோரும் ஒரே பக்கம். ஆனால் ஐந்து பேருக்கும் ஐந்து யோசனை. ஆற்றை நீந்திக் கடப்பதா, பாலத்துக் காவலரிடம் பேசிப் பார்ப்பதா என்று அரைமணி நேரம் விவாதிப்பார்கள். கதை நகரவில்லையே என்று ஆரம்பத்தில் எனக்குப் பதற்றமாக இருக்கும். இப்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைகள் காரணம் சொல்லி, எதிர்க்காரணம் கேட்டு, "சரி, உன் யோசனை நடக்கலைன்னா என் யோசனை" என்று உடன்பாட்டுக்கு வருகிறார்களே, அதைவிடப் பெரிய கதை எதை நான் சொல்லிவிடப் போகிறேன்?

அப்புறம், விளைவு. திருடிய மாம்பழத்துக்கு மூன்று வாரம் கழித்துத் தோப்புக்காரர் வந்து நிற்பார். பரீட்சையில் தப்பு செய்தால் சிவப்பு மையோடு முடிந்துவிடும். கதையில் செய்த தப்போடு பேச வேண்டும், ஈடு கட்ட வேண்டும், சில சமயம் மன்னிப்புக் கேட்க வேண்டும். "என் பாத்திரம்தான் திருடிச்சு, நான் இல்ல" என்று சொல்லிக்கொள்ளும் சிறு இடைவெளி இருப்பதால், நிஜத்தில் வாய் திறக்காத பிள்ளையும் இங்கே மன்னிப்புக் கேட்டுவிடுகிறது.

கணக்குக்கு உதவுமா?

உதவும். கூட்டல் கழித்தலை விட்டுவிடுங்கள், அது தானாக நடக்கும். பெரிய லாபம் நிகழ்தகவில்.

நாங்கள் ஆடும் விதி எளிமையானது. சாதாரண ஆறுமுகப் பகடையில் 4, 5, 6 விழுந்தால் வெற்றி. உன் பாத்திரம் அந்த வேலையில் கைதேர்ந்தது என்றால் இரண்டு பகடை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பகடைக்கு வெற்றி வாய்ப்பு 50 சதவீதம். இரண்டுக்கு 75. நண்பன் உதவிக்கு வந்து மூன்றாவது பகடை கிடைத்தால் 87.5. இரண்டாவது பகடை 25 கூட்டியது, மூன்றாவது ஏன் 12.5 மட்டும் கூட்டுகிறது? இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. "மூணாவது ஆள் உதவிக்கு வந்து பெரிசா பிரயோஜனம் இல்ல அத்தை, அவன் காவலுக்கு நிக்கட்டும்" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருநாள் சொன்னாள். எண் தெரியாமலே அதன் போக்கைப் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் நாற்பது முறை உருட்டிக் கோடு போட்டு எண்ணிப் பார்த்தோம்.

பெரிய பிள்ளைகளுக்கு இருபது முகப் பகடை இருக்கிறது. 20 விழ 5 சதவீதம். இரண்டு பகடை உருட்டினால் ஏதாவது ஒன்றிலாவது 20 விழ 10 சதவீதம்தானே? இல்லை, 9.75. இரண்டிலும் 20 விழுவதை இரண்டு முறை எண்ணிவிட்டோம். அது 400இல் ஒரு முறை நடக்கும், அதாவது 0.25 சதவீதம். அதைக் கழிக்க வேண்டும். இதை எட்டாம் வகுப்புப் பையனிடம் பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடுவான். அவனுடைய வில்லாளனின் உயிர் அந்தப் பகடையில் தொங்கும்போது பேப்பரைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போடுகிறான்.

இந்த விளையாட்டுப் பகடைகளில் 4, 6, 8, 12, 20 முகம் உள்ளவை வடிவியலில் சொல்லும் ஐந்து ஒழுங்குத் திண்மங்கள், அதாவது பக்கமெல்லாம் சமமான ஒரே வடிவ முகங்கள் கொண்டவை. 10 முகப் பகடை மட்டும் அந்தக் குடும்பத்தில் சேராது. ஏன் சேராது என்று கையில் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பழங்கால எகிப்தின் இருபது முகப் பகடை ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறதா? அதையே எடுங்கள். ஒரு கட்டையில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை உருட்ட 16 வழி. அதில் தாயம் விழ இரண்டே வழி, மூன்று விழ நான்கு வழி. பாட்டி ஏன் தாயத்துக்கு அவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது அப்போது விளங்கும்.

தமிழில் விளையாட முடியுமா? புத்தகமெல்லாம் ஆங்கிலத்தில்தானே?

தமிழில்தான் விளையாட வேண்டும் என்பேன். விதி ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், மீதி முழுக்கப் பேச்சு. ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் பெரும்பாலும் சாப்பாடு, தூக்கம், சண்டை என்ற வட்டத்துக்குள் நின்றுவிடுகிறது. விவரிக்கவும், வாதாடவும், கெஞ்சவும், ஒரு ராஜாவிடம் மரியாதையாகப் பேசவும் தமிழ் தேவைப்படும் இடம் அவர்களுக்கு வேறெங்கும் வருவதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மதகு, கலிங்கு, கடைமடை, அகழி, கொத்தளம் எல்லாம் இப்போது தெரியும். மனப்பாடம் செய்யவில்லை. கலிங்கு என்றால் என்னவென்று தெரியாமல் அதன் மேல் ஏறி நின்று, உபரித் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு மறக்குமா?

'நோ தேங்க் யூ, ஈவில்!' என்று 2016இல் வந்த குழந்தைகள் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் பாத்திரத்தை ஒரே வாக்கியத்தில் உருவாக்க வேண்டும். மிகச் சின்னப் பிள்ளைக்குப் பெயர்ச்சொல் மட்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை ஓர் அடைமொழி சேர்க்கும். இன்னும் பெரிய பிள்ளை அந்தப் பாத்திரம் என்ன செய்யும் என்பதையும் சேர்க்கும். இதைத் தமிழில் செய்து பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். "நான் ஒரு மாலுமி." "நான் ஒரு துணிச்சலான மாலுமி." "நான் மீன்களோடு பேசும் துணிச்சலான மாலுமி." மூன்றாவது வாக்கியத்தில் வந்தது பெயரெச்சம்! பள்ளியில் உதாரணம் தேடித் திணறும் இலக்கணம் ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் தானாக வந்து விழுந்தது. "பேசும்" என்பதை "பேசிய" என்றும் "பேசாத" என்றும் மாற்றிப் பார்த்து, மீன்களோடு பேசாத மாலுமிக்கு என்ன கோபமாக இருக்கும் என்று அவர்களே அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள்.

மார்க் கூடுமா? ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?

மார்க்குக்காக இதை ஆரம்பிக்காதீர்கள். ஆய்வுகள் உண்டு, ஆனால் பெரும்பாலானவை சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு 170 பெரியவர்களை ஒப்பிட்டது. இந்த மேசை விளையாட்டு ஆடுபவர்கள், கணினியில் ரோல்-பிளேயிங் ஆடுபவர்களையும் இரண்டுமே ஆடாதவர்களையும்விட விரிசிந்தனைச் சோதனையில், அதாவது ஒரே கேள்விக்குப் பல விடைகளை யோசிக்கும் சோதனையில், கூடுதலாகப் பெற்றார்கள். ஆனால் விளையாட்டால் கற்பனை வளர்ந்ததா, கற்பனை உள்ளவர்கள் இந்த விளையாட்டைத் தேடி வந்தார்களா என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. அறிவியல் நிரூபித்துவிட்டது என்று சொல்லி யாராவது வகுப்புக்குப் பணம் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். நான் இதை நம்புவது கண்ணெதிரே பார்ப்பதால்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

ஐந்து வயதில் ஆரம்பிக்கலாம், பதினைந்து நிமிடம், விதியே இல்லாமல், பகடையை உருட்டும் குஷிக்காக. 2012இல் வந்த 'ஹீரோ கிட்ஸ்' நான்கு முதல் பத்து வயதுக்கென்று எழுதியது, ஆறுமுகப் பகடை போதும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடக்கப் பெட்டியில் 12 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். விதிகளை எளிதாக்கினால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளே சமாளிக்கிறார்கள். ஒரே குழுவில் மூன்று வயதுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். சின்னது அழும், பெரியது சலிக்கும்.

மந்திரம், பேய், சண்டை எல்லாம் வருகிறதே, மனசு கெட்டுப்போகாதா?

இந்தப் பயம் புதிதில்லை. 1980களில் அமெரிக்காவில் இது பெரிய பீதியாகவே பரவியது. சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது, பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது என்று இயக்கங்கள் கிளம்பின. தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பதிப்பாளர்கள் பேய், பிசாசு என்ற பெயர்களையே எடுத்துவிட்டார்கள். இந்த விளையாட்டுதான் தற்கொலைக்குக் காரணம் என்பது பின்னாளில் எந்த ஆய்விலும் நிறுவப்படவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் துயரம் அந்த இயக்கங்களில் ஒன்றுக்குப் பின்னால் இருந்தது. அந்தத் துயரத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் கை நீட்டிய இடம் தவறு.

நம் பிள்ளைகள் வேதாளம் மரத்தில் தொங்கும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். பேய் பிரச்சினையில்லை. சண்டை விஷயத்தில் மட்டும் நான் கவனமாக இருப்பேன். எதிரில் வருகிற எல்லாவற்றையும் வெட்டுவதற்கென்று வைத்தால் பிள்ளைகள் வெட்டத்தான் செய்வார்கள். அந்த யாளிக்கு ஒரு காரணம் கொடுங்கள். அது மதகை ஏன் காக்கிறது? காரணம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு வாசம் பட்டால் போதும், வாளை உறையில் போட்டுவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள்.

நடுவில் குழந்தை பயந்துவிட்டால்?

ஜான் ஸ்டாவ்ரோபவுலோஸ் என்பவர் பரப்பிய எளிய வழி ஒன்று இருக்கிறது. ஓர் அட்டையில் பெருக்கல் குறி போட்டு நடுவில் வைத்துவிடுவது. யாருக்கு எது பிடிக்கவில்லையோ அவர்கள் அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்கக் கூடாது, அந்தக் காட்சி அப்படியே மாற வேண்டும். எங்கள் அட்டையை முதன்முதலாகத் தொட்டது எல்லோரிலும் முரட்டுப் பையன். கதையில் ஒரு நாய்க்குட்டிக்குக் காலில் அடிபட்டிருந்தது. "சரி, நாய்க்குட்டி நன்றாக இருக்கிறது, வாலை ஆட்டுகிறது" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். வேண்டாம் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நிறுத்துவார் என்பதை ஒரு குழந்தை அனுபவித்துத் தெரிந்துகொள்வது சாதாரண விஷயமில்லை. விளையாட்டுக்கு வெளியே அவர்கள் பாதுகாப்புக்கும் அது வேண்டும்.

என் மகன் ரொம்பக் கூச்சம். யாரோடும் பேச மாட்டான்.

கூட்டி வாருங்கள். முதல் நாள் பேச வைக்க முயலாதீர்கள். பகடை உருட்டட்டும், வரைபடம் வரையட்டும். "நீ என்ன செய்கிறாய்?" என்று அவனிடமும் கேளுங்கள். தோளைக் குலுக்கினால் "சரி, யோசி, திரும்ப வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே திரும்பி வாருங்கள். தன் வாயால் பேசத் தயங்கும் பிள்ளை பாத்திரத்தின் வாயால் பேசுவான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 'கேம் டு குரோ' என்ற லாப நோக்கற்ற அமைப்பு இப்படிக் குழுக்களை நடத்தி, 'கிரிட்டிக்கல் கோர்' என்ற தனி விளையாட்டுத் தொகுப்பையும் உருவாக்கியிருக்கிறது. யார் முறை, எப்போது பேசலாம், என்ன எதிர்பார்க்கலாம் என்பது வெளிப்படையாக இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் சிகிச்சையாகச் செய்ய வேண்டுமென்றால் அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். நான் நடத்துவது விளையாட்டு மட்டும்.

ஒரே பிள்ளை எல்லோரையும் அதிகாரம் செய்தால்?

வரிசைப்படி கேளுங்கள். அவன் முறை வரும்போது அவன் சொல்லலாம், அடுத்தவளுக்குப் பதில் சொல்ல முடியாது. அதோடு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மற்றவர்களால் முடியாத ஒன்றைக் கொடுங்கள். பறவை மொழி அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்றால், அவன் அவளிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொன்று: பெண் பிள்ளை என்பதற்காக வைத்தியர் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளாதீர்கள்.

கம்ப்யூட்டரிலேயே இந்த மாதிரி கேம் இருக்கிறதே?

இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அதைச் செய்தவர்கள் முன்கூட்டியே நினைத்துவைத்ததை மட்டும்தான் அதில் செய்ய முடியும். யாளிக்குச் சுண்டல் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றினால் அங்கே அதற்குப் பொத்தான் இருக்காது.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் எப்படி நடத்துவது?

எட்டுப் பேருக்கு ஒரு பாத்திரம் என்று ஐந்து குழு. ஒவ்வொரு குழுவும் தங்களுக்குள் கலந்து பேசி ஒரே முடிவைச் சொல்ல வேண்டும், சொல்பவர் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். ஆசிரியர் கதை நடத்துவார். ஒரு நண்பர் ஏழாம் வகுப்பில் இப்படிச் சோழர் காலத்து ஊர்ச்சபை ஒன்றை நடத்தினார். ஏரிக்கு மராமத்து, பணம் போதவில்லை, யாருக்கு முதலில் தண்ணீர்? சத்தம் அதிகம்தான், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முழுப் பள்ளியே இப்படி நடக்க முடியுமா என்று கேட்டால், டென்மார்க்கில் ஹோப்ரோ என்ற ஊரில் 2006இல் தொடங்கிய ஆஸ்டர்ஸ்கோவ் என்ற உறைவிடப் பள்ளி அதைத்தான் செய்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு கதைக்களத்தை எடுத்துக்கொண்டு, கணக்கு, வரலாறு, மொழி எல்லாவற்றையும் அதற்குள் வைத்துக் கற்பிக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரும்பாலும் எழுந்து நடமாடி நடிக்கும் வகை, பாயில் உட்கார்ந்து ஆடுவதில்லை.

செலவு?

லூடோ பெட்டியில் இருக்கும் பகடை, பழைய நோட்டு, பென்சில். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். பளபளக்கும் பகடைப் பெட்டியைப் பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுங்கள், ஆரம்பிக்க அது வேண்டாம்.

முதல் ஆட்டத்தை எப்படி நடத்துவது?

மூன்றிலிருந்து ஐந்து பிள்ளைகள், ஒரு மணி நேரம். ஆளுக்கொரு தாள். அதில் பாத்திரத்தின் பெயர், "நான் ... ஒரு ..." வாக்கியம், கைதேர்ந்த வேலை இரண்டு, பையில் இருக்கும் பொருள் மூன்று, ஒரு பயம். அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள், நல்ல காட்சிகள் அதிலிருந்துதான் வருகின்றன. படம் வரையப் பத்து நிமிடம்.

கதைக்கு ஒரு சிக்கல் போதும். என் மதகுக் கதையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வயலுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. மதகைத் திறக்கப் போன காவலர் திரும்பவில்லை. ஏரிக்கரையில் கல் யாளி உயிர்பெற்று உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் மதகின் குழிக்குள் நீர்நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறது. தண்ணீரைத் திறந்தால் குட்டிகள் அடித்துப்போகும். யாளி அதைத்தான் காக்கிறது. காவலர் பயந்துபோய் ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இதற்கு விடை ஒன்றை நீங்கள் முடிவு செய்து வைக்காதீர்கள். குட்டிகளை மாற்றுவார்களா, வேறு வாய்க்கால் வெட்டுவார்களா, ஊராரிடம் இன்னும் நான்கு நாள் அவகாசம் கேட்பார்களா, அது அவர்கள் பாடு. இதே கதையை மூன்று குழுவுக்கு நடத்தியிருக்கிறேன், மூன்றும் வேறு வேறாக முடிந்தன.

பகடையில் தோற்றால் "முடியவில்லை" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். மதகு திறக்கவில்லை, ஆனால் கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது, இப்போது என்ன? தோல்வியும் கதையை ஓர் அடி நகர்த்த வேண்டும். பாத்திரம் சாகலாமா என்பார்கள். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். மயங்கி விழட்டும், நண்பர்கள் தூக்கி வரட்டும்.

பெரியவர்கள் செய்யும் தவறு எது?

பாடம் நடத்துவது. நானும் செய்தேன். இரண்டாவது மாதம், எப்படியும் விளையாடுகிறார்கள், கொஞ்சம் படிப்பும் ஏறட்டும் என்று நினைத்து, பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொன்னால்தான் குகைக் கதவு திறக்கும் என்று வைத்தேன். ஐந்து முகமும் ஒரே நேரத்தில் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. ஒருத்தி ஒப்பித்தாள், கதவு திறந்தது, அந்த மாலை அதற்கு மேல் யாருக்கும் மனம் ஒட்டவில்லை. அதுவரை அந்தக் குகை அவர்களுடையதாக இருந்தது. நான் அதை வகுப்பறையாக்கிவிட்டேன். அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன். கதவைத் தள்ளித் திறக்கலாமா என்று கேட்டார்கள், தள்ளச் சொன்னேன்.

இப்போது என் மகளே கதை நடத்த வேண்டும் என்கிறாள். விடலாமா?

உடனே விடுங்கள். பத்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் தயாராகிவிடுகிறார்கள். ஒரு நாள் முழுக்கத் தயாரிப்பாள், பத்துப் பக்கம் எழுதுவாள், நண்பர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் வேறு பாதையில் போய்விடுவார்கள், அழுகை வரும். அப்போது சமாதானம் சொல்ல ஓடாதீர்கள். அந்தப் பத்துப் பக்கத்தை எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இன்னொரு வாரம் பயன்படும். முடிந்தால் நீங்களும் ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு அவள் கதையில் உட்காருங்கள். என் மகள் நடத்திய முதல் கதையில் நான் ஒரு வயதான தபால்காரர். புயலில் பாலம் ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துத் திரும்பி, "அம்மா, நீ என்ன செய்றே?" என்று கேட்டாள். பதில் வரும்வரை காத்திருந்தாள்.